வாட்டுக்குள் வரும் சாமிகள்

தோட்டத்திலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி தனியாக வருவதில்லை. குலசாமியும் கூடவே வருகிறது. தலையணைக்கடியில் காகிதத்தில் மடித்த திருநீறு. மணிக்கட்டில் பூசாரி மந்திரித்துக் கட்டிய கயிறு. சுகமானால் செலுத்துவதாக நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்த காசு. அடுத்த கட்டிலில் பிரித் நூல் கட்டிய கை, அதற்கடுத்ததில் ஓதி வாங்கி வந்த தண்ணீர்ப் போத்தல், எதிர்ப் பக்கம் ஒரு ஜெபமாலை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர்கள் பசறை, லுணுகலை, மடுல்சீமை பஸ்களைப் பிடிக்க ஓடுகிறார்கள். அதன்பின் விடியும்வரை அந்த மனிதரின் மனதுக்குத் துணையாக இருப்பது யார் பொறுப்பு?

இதைக் கோயிலுக்கும் விகாரைக்கும் உரிய கேள்வி என்று வைத்தியம் ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகப்போகிறவரின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்குக்கும் பங்குண்டு என்று சொன்னவர். தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு வைத்தியரானவர். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தணிக்க முடியாது என்பது அவர் நோயாளிகளிடம் கேட்டறிந்த உண்மை. உலக சுகாதார நிறுவனமும் நோய் தணிப்புப் பராமரிப்புக்குத் தரும் வரைவிலக்கணத்தில் ஆன்மீகத் தேவையைச் சேர்த்திருக்கிறது. இந்தப் பராமரிப்பை ஒவ்வொரு நாடும் தன் சுகாதார சேவையோடு இணைக்க வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார மாநாடு தீர்மானித்தது. இலங்கையும் 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டமொன்றை வகுத்தது.

கடதாசியில் இருப்பது கட்டிலருகே வர, ஆள் வேண்டும். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கிய காலத்திலிருந்தே ஆஸ்பத்திரிகளில் ஆன்மீகத் துணையாளர்கள் பணியாற்றுகிறார்கள். முதலில் பாதிரிமார் செய்த வேலை அது. இன்று முஸ்லிம், இந்து, பௌத்த, சீக்கியத் துணையாளர்களும் இருக்கிறார்கள். மதமே இல்லாதவருக்கும் இந்தத் துணை உரியது என்று அந்தச் சேவையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்காவில் அன்டன் பொய்சன் என்ற போதகர், தானே மனநோய்க்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 1925இல் அவர் இறையியல் மாணவர்களை வூஸ்டர் மனநல வைத்தியசாலைக்குள் அழைத்துப்போனார். புத்தகத்தை மூடிவிட்டு நோயாளியிடம் படியுங்கள் என்பதுதான் அவருடைய பாடத்திட்டம். இன்று உலகெங்கும் தரப்படும் பயிற்சிக்கு அதுவே வித்து.

அப்படிச் சம்பளம் பெறும் துணையாளர் பதவி இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் இல்லை. மதகுருமார் வந்து போகிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் யாருக்குத் தெரிந்தவர் இருக்கிறாரோ, அவருக்குத்தான் ஆள் வருகிறது.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நூற்றுக்கு 70க்கு மேல் பௌத்தர்கள், ஏறத்தாழ 19 பேர் இந்துக்கள், மீதிப்பேர் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். இந்த எண்களுக்குள் அடங்காத ஒரு உலகம் தோட்டத்தில் இருக்கிறது. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் மட்டுமா? தேயிலை ஆலைச் சக்கரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று, வேலை செய்த இடமெல்லாம் காவல் தெய்வத்தை நிறுத்தியவர்கள் இந்த மக்கள். “நேர்ந்ததைச் செய்யல, அதான் இப்படிப் படுத்துட்டேன்” என்று ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா சொல்லும்போது, தன் நோய்க்கு ஒரு பொருள் தேடுகிறார். அதைக் கேட்டுச் சிரிப்பவரிடம் அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். மருந்தை விட்டதையும் சொல்லமாட்டார். பொறுமையாகக் கேட்கிறவரிடம், “நேர்த்தியையும் செய்வோம், ஊசியையும் போட்டுக்கொள்வோம் அம்மா” என்ற பேச்சுக்கு வருவார்.

அந்தப் பேச்சு நடக்க மொழி வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு அரச கரும மொழியானது. ஆனாலும் மலையக ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஊழியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறை. தன் புற்றுநோய்ச் செய்தியை அடுத்த கட்டில்காரர் வாயால் அரைகுறையாகக் கேட்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நோயின் பெயரையே சொந்த மொழியில் கேட்காதவர், “எனக்கு ஏன் இப்படி?” என்ற கேள்வியை எந்த மொழியில் யாரிடம் கேட்பார்? உசிரு லயத்துலதான் போகணும் என்ற ஆசையை யாரிடம் சொல்வார்?

மரணத்தின் வாசலில் ஒருவரின் நம்பிக்கையை மதிக்காத நிர்வாகம் எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதை நாடு கண்டது. கோவிட் நோயால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் அரசாங்கம் தகனத்தைக் கட்டாயமாக்கியது. எதிர்த்துப் போன மனுக்களை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஓட்டமாவடியில் 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒருவர் இருந்திருந்தால் சட்டம் மாறியிருக்காது. ஆனால் அந்தத் தாய் தகப்பன்மார் அத்தனை தனிமையில் நின்றிருக்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்க அச்சத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். நோயும் வறுமையும் சேர்ந்த இடத்தில் ஜெபமோ பூசையோ ஆள்பிடிக்கும் வழியாகிவிடும் என்ற பயம் தோட்டங்களில் உண்டு. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் தங்கள் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க மசோதா கொண்டுவந்தபோது, சேவையோடு மதம் பரப்புவதையும் நோக்கமாகக் காட்டியதைச் சுட்டி, அது அரசியலமைப்புக்கு முரண் என்று 2003இல் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அதற்கு மாறாக, கன்னியரின் மதச் சுதந்திரம் மீறப்பட்டதாகக் கண்டது. இரண்டு பக்கத்து வாதத்துக்கும் இடமுண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மட்டும் ஒரே விதி போதும்: நோயாளி கூப்பிட்டால் வருவது, அவருடைய நம்பிக்கையைப் பேசுவது, தன்னுடையதை விட்டுவிட்டு வருவது. எழுதிய விதியும் பயிற்சியும் ஆஸ்பத்திரி தரும் அடையாள அட்டையும் இருந்தால், அந்த அச்சம் பெருமளவு குறையும்.

மண் சரிந்த ஊர்களுக்கு இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாமல் எப்படிக் கருமாதி செய்வது? பிழைத்தவர் ஏன் பிழைத்தார்? இவற்றுக்கு மாத்திரை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் சரித்துவிட்டுப் போனபோது, அதே கேள்விகளோடு புதிய குடும்பங்கள் வந்து நின்றன.

பதுளை அடங்கிய ஊவாவுக்கு இந்தத் துணை அந்நியமான யோசனை அல்ல. கதிர்காமம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் வேடர்களும் ஒரே புனித நிலத்தில், அவரவர் முறைப்படி கும்பிடுகிறார்கள். தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு போய் வந்தவர்கள். ஒருவர் வேண்டுதலுக்கு மற்றவர் வழிவிட அவர்களுக்குத் தெரியும்.

பெரிய செலவும் தேவையில்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்து மனிதர்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பியே வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. தோட்டத்திலும் பிள்ளை மடுவத்து ஆயா முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை, பயிற்சி கிடைத்தால் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வைத்தியர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் வகுத்த கேள்விமுறை நான்கே விஷயங்களைத் தொடுகிறது. உங்களுக்குத் தெம்பு தருவது எது, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், கூட நிற்பவர்கள் யார், நாங்கள் என்ன செய்ய வேண்டும். இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு, நோயாளியின் டிக்கட்டில் குறித்துவைக்கலாம்.

சுகாதார அமைச்சும் ஊவா மாகாண அதிகாரிகளும் பதுளையிலேயே இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். இரு மொழியும் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒரு சிறு குழு. எந்த மதச் சின்னமும் இல்லாத ஓர் அமைதியான அறை. இரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண். கோயில் பரிபாலன சபையினரும் விகாரைத் தாயக சபையினரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் பங்குத் தந்தையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்களிடமிருந்து ஆளுக்கு இருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதிக்கட்டும். மற்றதை ஆஸ்பத்திரி செய்யும்.