யார் கேட்ட வெளுப்பு?

தானே விரும்பி வாங்கி, தன் கையாலேயே பூசிக்கொண்ட ஒன்றால் ஒருத்திக்கு நோய் வந்தால் பழி யாருடையது? "அவளுடையதுதான், இதில் சந்தேகம் என்ன?" என்பவர்களே அதிகம். அழகுப் பைத்தியம் என்று ஒரு சொல்லையும் தயாராக வைத்திருக்கிறோம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேரளத்துக் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை, சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோயுடன் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் அந்நோயின் அபூர்வமான வகை ஒன்று தென்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கக் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்பில் இருந்தது பாதரசம்.

தோலில் கருமை ஊறாதபடி பாதரசம் தடுத்துவிடுகிறது. சில வாரங்களில் கண்ணாடி நல்ல சேதி சொல்கிறது. ஆனால் பூசியது மேலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகிறது. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். வலி மட்டும் இராது. முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள் காலை எப்போது பார்ப்பாள்?

இது புதிய செய்தியும் அல்ல. நைரோபியில் இதே மாதிரி சிறுநீரகக் கோளாறுடன் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று 1972-லேயே எழுதிவிட்டார்கள். பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை ஒழிப்பதாக 2013-ல் மினமாட்டா உடன்படிக்கையில் உலக நாடுகள் கையெழுத்தும் போட்டன. டப்பாக்கள் என்னவோ கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளே இருப்பதை வெளியே அச்சிடுகிற வழக்கம் அவற்றுக்கு இல்லை.

தெரியாமல் பூசினாள் என்று அவளுக்காக வாதாடலாம். எனக்கு அது போதாது. தெரிந்தே பூசியிருந்தாலும் அந்த விருப்பம் அவளுடையதுதானா? பெண் பார்க்க வருகிறார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, காபி குடித்து, "பெண் லட்சணந்தான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லியனுப்புகிறார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் படிப்புக்கு முன்னால் சிவந்த நிறம் நிற்கிறது. களிம்பு விற்றவனைச் சட்டம் பிடிக்கலாம். காபி குடித்துவிட்டுப் போனவரை எந்தச் சட்டம் பிடிக்கும்? அவர் கெட்டவரும் அல்ல. நம் வீட்டுப் பெரியவர் மாதிரி ஒருவர்தான்.

களிம்பை நிறுத்தியதும் கோட்டக்கல்லில் பெரும்பாலோருக்கு நோய் தணிந்துவிட்டதாம். நிறுத்தினால் பழைய நிறமும் மெல்ல வந்துவிடும். அந்த நிறத்தோடு அவள் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அவளை என்ன சொல்லி வரவேற்பார்கள்?