வட்டிக்கு அஞ்சும் வேட்கை

சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் மகளொருத்தி தென்கிழக்காசிய நாடுகளைப் பற்றிய பட்டப்படிப்பை விழைகிறாள் என்று கொள்வோம். "கடன் வாங்கிப் படித்தால் சம்பளம் தேறுமா?" என்கிறது ஊர். கேள்வியை நாம் பழிக்க மாட்டோம். படிக்கும் நாளிலேயே வட்டி ஏறுகிறது. படிப்பு முடிந்த ஓராண்டில், வேலை கிட்டாவிடினும், தவணை வாயிலில் வந்து நிற்கிறது. மழை பெய்தால் கூலி இழக்கும் குடும்பம் அதை எங்ஙனம் தாங்கும்?

ஆயினும், செல்வர் பிள்ளை கற்றால் அறிவுத் தாகம், ஏழை மகள் கற்றால் ஊதாரித்தனமா? 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததால் உயர்ந்த ஊரன்றோ இது! விருதுநகர்க் காமராசர் 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்தபோது அதைக் கடனாகவா எழுதிவைத்தார்? கடன்படாதே என்று அவளிடம் சொல்வோம்; படிக்காதே என்று சொல்லோம். கட்டணத்தை அரசு ஏற்கட்டும். அதுவரை, கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் வரலாற்றுப் பட்டத்தை அவள் தொடங்கட்டும்.