அடை இருத்தல்

அடைக்கு வந்த கோழியை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் குரல்தான். நேற்று வரை முட்டையிட்டதும் ஊர் கேட்கக் கொக்கரித்த கோழி, இன்று கூடையை விட்டு இறங்காமல் தொண்டைக்குள்ளேயே குறுகுறுக்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்து உடலைப் பெரிதாக்கிக் காட்டும், கொத்தவும் செய்யும். கொண்டையின் சிவப்பு மங்கும். பொழுது சாய்ந்து மற்றவை முருங்கைக் கிளைக்கோ கூட்டுக்கோ போனபிறகும் இது இருந்த இடத்திலேயே இருக்கும். அடியில் முட்டை இல்லாவிட்டாலும் இருக்கும். வெறும் வைக்கோலின் மேல் நாள்கணக்கில் அடை கிடந்த கோழிகளைப் பார்த்திருக்கிறேன். இருக்க வேண்டும் என்ற தவிப்பு முதலில் வந்துவிடுகிறது. எதன்மேல் இருப்பது என்பது அப்புறம்தான். கடவுளைத் தேடிப் புறப்பட்ட பலருக்கும் தொடக்கம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொங்குப் பக்கத்தில் ‘கோழி அவயத்துக்கு வந்துட்டுது’ என்பார்கள். அகலமான கூடை எடுத்து, அடியில் மணலோ சாம்பலோ பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, 9, 11, பெரிய கோழி என்றால் 13 என ஒற்றைப்படையில் முட்டை வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத்துண்டு, ஓர் அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்ற பயத்துக்கு அவை காவல். இரும்பு இடியைத் தடுக்குமா என்று நான் கேட்டதில்லை. அதை வைக்கிற கையில் இருக்கும் கவலையை நம்புகிறேன். உள்ளே ஓர் உயிர் இருக்கிறது, அதற்கு நடக்கப்போவது என் வசத்தில் இல்லை என்று தெரிந்த கவலை அது. இருட்டிய பிறகு கோழியைத் தூக்கி முட்டைமேல் வைப்பார்கள். இருட்டில் அது அடங்கி உட்காரும்.

சேவலோடு கூடிய கோழி இட்ட முட்டையில், இட்ட அன்றே உயிர் இருக்கிறது. தாயின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் தங்கும்போதே கரு ஆயிரக்கணக்கான அணுக்களாகப் பிரிந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். சாகவில்லை, நிற்கிறது. கோழி நாளுக்கொன்றாகவும் ஒருநாள் விட்டும் இட்டு முடிப்பதற்குள் முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையே பத்து, பன்னிரண்டு நாள் ஆகிவிடும். ஆனாலும் அடை தொடங்கிய இரவில் எல்லாம் ஒன்றாக வளரத் தொடங்கி, 21-ஆம் நாள் வாக்கில் ஒன்றாகப் பொரிக்கும். முன்பே வந்ததற்கு முந்துரிமை இல்லை. பிந்தி வந்ததற்குக் குறையும் இல்லை.

ஆனால் கோடையில் கதை வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள் கிடக்கும் முட்டைக்கு, அடை வைக்காமலே கொஞ்சம் சூடு கிடைத்துவிடுகிறது. நிற்க வேண்டிய கரு அந்த அரைகுறைச் சூட்டில் கொஞ்சம் வளரும். தொடர்ந்து வளரப் போதாமல் செத்துப்போகும். அதனால்தான் கோடை முட்டையை ஈர மணல்மேல் வைத்த மண்பானையில் போட்டுக் குளிர்ச்சியாகக் காப்பாற்றுவார்கள். இது என்னை வெகுநாள் யோசிக்க வைத்த விஷயம். குளிர் அந்த உயிரை ஒன்றும் செய்வதில்லை, பத்திரமாக நிறுத்தி வைக்கிறது. முழுச் சூடு வளர்க்கிறது. கெடுப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள வெதுவெதுப்பு. இறைநினைவே இல்லாமல் கிடக்கிறேனே என்று வருந்துகிறவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவருடைய வேளை வரும். வாரத்தில் ஒருநாள் பக்தி, மாதத்தில் ஒருநாள் தியானம் என்று கொஞ்சம் கொஞ்சம் சூடேறி ஆறிக்கொண்டே இருந்த ஆண்டுகளைத்தான் என் வாழ்க்கையில் பயத்தோடு திரும்பிப் பார்க்கிறேன்.

சைவ மரபில் குரு அருளும் விதங்களைச் சொல்லும்போது கோழிக்கு ஓர் இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரின் எட்டாம் சூத்திரத்தில் பார்வையால் அருளும் நயனம், தீண்டி அருளும் பரிசம், நினைவால் அருளும் மானசம் என்று தீக்கை வகைகள் வரும். இவற்றை விளக்குகிறவர்கள் மூன்று உயிர்களைக் காட்டுவார்கள். மீன் தன் முட்டையைப் பார்வையால் பொரிக்கும்; ஆமை கரையில் புதைத்துவிட்டுப் போய் நினைவால் பொரிக்கும்; பறவை தீண்டிப் பொரிக்கும். மீனும் ஆமையும் அந்த உவமையில் நம்பிக்கையால் நிற்பவை. கோழி மட்டும் சொன்னபடியே செய்கிறது. அடைக்கு வரும்போது அதன் நெஞ்சடியில் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகும். அந்தத் தோலில் இரத்த ஓட்டம் கூடிச் சூடேறும். இறகு குளிரை மறைப்பதுபோலவே தாயின் சூட்டையும் முட்டைக்குப் போகாமல் மறைக்கும். ஆகவே தீண்டல் நடக்க வேண்டுமானால் தன்னைக் காத்துக்கொண்டிருந்த ஒன்று முதலில் உதிர வேண்டியிருக்கிறது.

அந்தத் தீண்டல் முட்டைக்கு எதைத் தருகிறது? உணவைத் தரவில்லை. மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கரு ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஓட்டின் நுண்துளைகள் வழியே நுழைவது காற்று மட்டும். அதைத் தருவது கோழி அல்ல. கோழியிடமிருந்து போவது ஏறத்தாழ 38 பாகை வெப்பமும் அவ்வப்போது அலகால் புரட்டிவிடும் கவனிப்பும்தான். ஓரத்து முட்டையை நடுவுக்கு இழுக்கும். நடுவில் இருப்பதை ஓரத்துக்குத் தள்ளும். புரட்டாமல் விட்டால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் வியப்பு என்னவென்றால், அடை இருக்க இருக்க முட்டையின் எடை குறைகிறது. பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈரம் அந்த நுண்துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். போன ஈரத்தின் இடத்தில், முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை பெரிதாகிக்கொண்டே வருகிறது. குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலிருந்துதான். அருள் என்றால் நம்மிடம் ஏதோ வந்து சேரும் என்று காத்திருக்கிறோம். இங்கே ஒன்று குறைந்துகொண்டே வந்துதான் மூச்சுக்கு இடம் உண்டாகிறது. குருவின் பக்கத்தில் இருந்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே, இருந்ததும் போகிறதே என்று குறைப்படுகிறவர்களிடம் இந்தக் காற்றறையைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

புத்தர் அடைகோழியைப் பற்றிப் பேசியிருக்கிறார். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில், சாவத்தி நகரில் அவர் சொன்னதாக வரும் உரை அது. ஒரு கோழியிடம் எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டைகள் இருக்கின்றன. அது சரியாக அடை இருக்கவில்லை. ஆனால் குஞ்சுகள் நல்லபடியாக ஓட்டை உடைத்து வர வேண்டும் என்று ஆசைப்படுகிறது. வராது. இன்னொரு கோழி சரியாக அடை இருக்கிறது. அப்படி ஓர் ஆசை அதன் மனத்தில் எழவே இல்லை. இருந்தாலும் குஞ்சுகள் வந்துவிடும். தியானத்தில் அமர்கிறவர் விடுதலையை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அமர்ந்து பழகிய பழக்கம் தன் வேலையைச் செய்யும் என்பது அவர் கருத்து. இதைவிட ஆறுதலான ஒன்றை நான் படித்ததில்லை. என் விருப்பம் எவ்வளவு தூய்மையானது என்று ஒவ்வொரு நாளும் தோண்டிப் பார்த்து மனம் சோர வேண்டியதில்லை. உட்கார்ந்தேனா என்பது போதும்.

உட்காருவது என்றால் எழுந்திருக்கவே கூடாது என்பதில்லை. அடைகோழி ஒரு நாளைக்கு ஒருமுறையாவது இறங்கும். கம்பையோ குருணையையோ வேகவேகமாகக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், கூடையை அசுத்தப்படுத்தாமல் அடக்கி வைத்திருந்ததை வெளியே கழிக்கும், புழுதியில் புரண்டு இறகை உதறும். இருபது நிமிடம், அரைமணி நேரம், திரும்பிவிடும். அந்த இடைவெளியில் முட்டைகள் கொஞ்சம் ஆறும். அதனால் கேடில்லை. கடும் நோன்பு பூண்டு உடலை வருத்திக்கொள்வதை ஆன்மிகம் என்று எண்ணுகிறவர்கள் அந்த அரைமணி நேரத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் அடையின் ஒரு பகுதியே.

இதற்கிடையே முட்டைக்குள் உயிர் வளர்ந்துகொண்டிருக்கும். அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்ததும் முட்டைக்குள் இதயம் ஓர் இரத்தப் புள்ளியாகத் துடிப்பதை எழுதிவைத்திருக்கிறார். ஏழாம் நாள் ராத்திரி விளக்கொளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிவந்த நரம்புகள் கிளை பிரிந்திருப்பதை நாமும் பார்க்கலாம். வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை. பொரிப்பகப் பெட்டியில் வைத்தாலும் இதெல்லாம் நடக்கும். நாமக்கல் பண்ணைகளில் முட்டையிடும் கோழிகள் அடைக்கு வராத இனங்கள். அடை இருக்கும் காலத்தில் கோழி முட்டையிடாது என்பதால் அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அந்த இனங்களின் அடுத்த தலைமுறை பெட்டியின் சூட்டில்தான் பிறக்கிறது. நன்றாகவே பிறக்கிறது. அப்படியானால் தாய் செய்வதில் மிச்சம் என்ன இருக்கிறது?

குரல் இருக்கிறது. 19, 20-ஆம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சுவிடத் தொடங்குகிறது. மூச்சு வந்ததும் கூவுகிறது. ஓட்டுக்குள்ளிருந்து, இன்னும் பிறக்காத ஒன்றின் குரல். காதை வைத்தால் நமக்கும் கேட்கும். குளிர் தட்டினால் அது ஒருவிதமாக அழும். தாய் அசைந்து அணைத்துக்கொள்ளும், தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். உள்ளே அழுகை அடங்கும். குஞ்சு தாயின் முகத்தைப் பார்க்கும் முன்னே அதன் குரலை அறிந்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் ஓடு இன்னும் உடையவில்லை. பிரார்த்தனைக்குப் பதில் வருமா என்று என்னைக் கேட்டவர்களுக்கு நான் வாதம் எதுவும் சொன்னதில்லை. 20-ஆம் நாள் கூடையருகே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஓட்டில் சின்னதாக ஒரு விரிசல். அதன்பின் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பார்க்கிறவருக்குத் தாங்காது. என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியிடம், “பாவம் அம்மிச்சி, கொஞ்சம் உரிச்சு உட்டுரலாமா?” என்று சிறுவயதில் கெஞ்சினேன். “தொடாத கண்ணு. அதுவா வரோணும். நாம உரிச்சா ரத்தம் வந்துரும்” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. அசையாமல் கிடக்கும் அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடிய இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. தாய்க்கோழியும் உடைத்துவிடுவதில்லை. 21 நாள் அத்தனை நெருக்கமாக இருந்தது, இந்தக் கடைசி வேலையை மட்டும் முழுக்கக் குஞ்சிடமே விட்டுவிடுகிறது. அதற்கென்றே குஞ்சின் அலகு நுனியில் ஒரு கூர்முள் இருக்கிறது. வெளியே வந்த சில நாளில் அது உதிர்ந்துவிடும்.

முதலில் பிறந்த குஞ்சு, உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவால் இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் இருக்கும். பிந்தியவற்றுக்காகத் தாய் காத்திருக்க அந்த அவகாசம். ஆனால் அது முடிவில்லாத காத்திருப்பு அல்ல. ஒரு நேரம் வரும். பிறந்தவற்றைக் கூட்டிக்கொண்டு கோழி கூடையை விட்டு இறங்கிவிடும். மீதி முட்டைகள் அங்கேயே குளிரும். பெரும்பாலும் கூமுட்டைகள். எப்போதாவது ஒன்றில் குஞ்சு நிறைந்து, வர முடியாமல் இறந்திருக்கும். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் தேடுவதையும் விட்டுவிட்டேன். அந்த முட்டையைத் தென்னை மரத்தடியில் புதைக்கும்போது கொஞ்சநேரம் நிற்பேன். அதற்கும் அதே சூடுதான் கிடைத்தது, அதே குரல்தான் கேட்டது.

இறங்கிய கோழி குஞ்சுகளைச் சுமப்பதில்லை. சுமக்க அதனால் முடியாது. பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்துச் சிறகை விரிக்கும். ஓடி வந்து உள்ளே நுழைய வேண்டியது குஞ்சுதான். எருசலேமை நினைத்து வருந்திய இயேசு, கோழி தன் குஞ்சுகளைச் சிறகடியில் சேர்ப்பதுபோல உங்களைச் சேர்க்க எத்தனையோ முறை விரும்பினேன், நீங்களோ மனம் கொள்ளவில்லை என்று சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். சிறகு விரிந்தே இருக்கிறது என்பதும், அது யாரையும் இழுத்து வருவதில்லை என்பதும் அந்த வருத்தத்துக்குள் இருக்கின்றன.

ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்போது கோழி குஞ்சுகளைக் கொத்தத் தொடங்கும். நேற்று அலகால் குருணையை எடுத்துப் போட்டுக் கூப்பிட்டது இன்று பக்கத்தில் வந்தால் விரட்டுகிறது. ‘கோழி குஞ்சைப் பிரிச்சுருச்சு’ என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள். குஞ்சுகளுக்கு அது சாதாரணம் இல்லை. ஓரிரு நாள் புரியாமல் பின்னாலேயே கத்திக்கொண்டு போகும், கொத்து வாங்கித் திரும்பும். தீண்டலைச் சொன்ன அந்தப் பழைய உவமை இந்தக் கொத்தலைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் பல ஆண்டுகள் போய் உட்கார்ந்த ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள், “இனிமே இங்க வராதீங்க, வீட்டுலயே உக்காருங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. நான் மறுபடியும் போனேன்; கதவைத் திறக்கவில்லை. பேருந்தில் அழுதுகொண்டே திரும்பினேன். அவர் இப்போது இல்லை. எங்கள் வாசலில் தாய்க்கோழி குஞ்சைக் கொத்தி விரட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.