கோடையில் துளிர்க்கும் வன்னி!

ஆயுத பூஜையன்று சோமனூரில் தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும். தறிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிடுவோம். மறுநாள் விஜயதசமி. பாண்டவர்களின் ஆயுதங்களைக் காத்துக் கொடுத்த வன்னி மரத்தை அன்றைக்கு நினைக்கிறோமா, சகோதரிகளே?

பன்னிரண்டு வருட வனவாசம் முடிந்து, ஒரு வருடம் மறைந்து வாழ வேண்டிய கட்டாயம். விராட நகரத்துக்குள் நுழையுமுன், ஆயுதங்களை ஒரு வன்னி மரத்தில் கட்டி வைத்தார்கள் பாண்டவர்கள். காண்டீபம் ஏந்திய அர்ஜுனன், பிருகன்னளையாக நாட்டியம் சொல்லிக் கொடுத்தான். வருடம் முடிந்ததும் அதே வில்லை எடுத்தான், வென்றான். வில்லைத் தொடாத நாளிலும் அவன் வில்லாளிதான்!

2022-ல் கூலி உயர்வு கேட்டு இந்தப் பக்கத்து விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறி நின்றால் அடுப்படியில்தான் முதலில் தெரியும். நகை அடகுக்குப் போகும். பள்ளிக்கூடக் கட்டணம் மிரட்டும். அப்படிப்பட்ட நாளில் மனசைத் தேற்ற வன்னியைப் பாருங்கள்.

இது பாலைவனத்து மரம். ராஜஸ்தானில் இதற்கு ‘கேஜ்ரி’ என்று பெயர். அந்த மாநிலத்தின் மரமே இதுதான். வறண்ட மண்ணில் வேரை ஆழமாக இறக்கி ஈரம் தேடும். கோடை கொளுத்தும்போதுதான் புதுத் தளிர் விடும்! ‘வன்னி’ என்றாலே நெருப்பு. தனக்குள் அக்னியை வைத்திருக்கும் மரம் வெயிலுக்கு அஞ்சுமா?

நம் கொங்கு மண்ணிலேயே, கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலில், பருத்த அடிமரத்தோடு நிற்கிறது பழமையான வன்னி. அதன் அடியில் மூன்று முகங்களோடு பிரம்மா. நான்காவது முகம் அந்த மரமே என்பது ஐதீகம். பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்குக் காவிரித் தீர்த்தம் எடுத்துச் செல்லும் பக்தர்கள், இதன் இலையை அதில் போட்டுக் கொள்வார்கள். தண்ணீர் கெடாது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு வேண்டுகோள். பூஜைக்கென்று கிளையை ஒடிக்காதீர்கள். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தார்கள். அம்ருதா தேவி என்ற குடும்பத் தலைவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரையே கொடுத்தாள். அவளுடைய மூன்று மகள்களும் பின்தொடர்ந்தார்கள். பிஷ்னோய் மக்கள் மொத்தம் 363 பேர் உயிர் துறந்தார்கள்.

நாம் உயிரைக் கொடுக்க வேண்டாம். ஒரு குடம் தண்ணீர் போதும். அர்ச்சனைக்கு நாலு இலை போதும். வன்னியடிப் பிள்ளையாரை மூன்று முறை வலம் வந்து, “என் வீட்டு ஆயுதத்தையும் காத்துக் கொடு” என்று கேளுங்கள். காத்திருக்கும் தெம்பை அவன் தருவான்.