பிள்ளையும் அமானிதம், பொருளும் அமானிதம்

அல்லாஹுத் தஆலா ஒரு குடும்பத் தலைவரிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதங்களுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று பிள்ளைகள், மற்றொன்று பொருள். இவ்விரண்டிலும் நாட்டுச் சட்டம் நமக்குச் சில கடமைகளை விதிக்கிறது; சில இடங்களில் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறது. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக ஒரு காரியம் நீதியாகிவிடுமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதலில் கல்வி. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான 2009 ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அச்சட்டம். ஆனால் கடமை தவறும் பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கும் அளித்தது. இதைக் காரணமாகக் காட்டி, "பெண் பிள்ளைதானே, ஓதினால் போதும்" என்று படிப்பை நிறுத்துவோர் உண்டு. விலக்கு மதரஸாவுக்குத்தான், தகப்பனாருக்கு அன்று!

அடுத்து பொருள். சொந்தச் சந்ததியின் நலனுக்காகச் செய்யப்படும் வக்ஃபு செல்லாது என்று 1894 இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் முன்னோர் விடாது முறையிட்டதன் பேரில் 1913 ஆம் ஆண்டு வக்ஃபு செல்லுபடிச் சட்டம் அந்த உரிமையை மீட்டுத் தந்தது. முடிவில் அதன் பலன் ஏழைகளுக்கோ நிரந்தரமான தருமத்துக்கோ சேர வேண்டும் என்பது நிபந்தனை. வக்ஃபு செய்பவர் தம் ஆயுட்கால ஜீவனத்துக்கும் அதில் ஒதுக்கிக்கொள்ளலாம் என்ற சலுகையை ஹனஃபிகளுக்கு மட்டுமே அச்சட்டம் கூறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நல்ல வழியைச் சிலர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? ஆண் மக்களின் படிப்புக்கென்று சொத்தைக் கட்டிவைத்து, மகளுக்கு மார்க்கம் தந்த பாகம் கிடைக்காமல் செய்துவிடுகிறார்கள். பெயர் தருமம், உள்ளே இருப்பதோ அநீதி! நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தையார் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புத் தந்து, அதற்குச் சாட்சியாக இருக்க வேண்டினார். மற்றப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். அண்ணலார் சாட்சி சொல்ல மறுக்கும் பத்திரத்தில் நாம் எப்படிக் கையெழுத்திடுவது?

2025 ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்தின் பல பிரிவுகளைப் பற்றி நம் சமுதாயத்துக்கு ஆழ்ந்த மனக்குறை உண்டு. ஆயினும், சந்ததிக்கான வக்ஃபு பெண்கள் உட்பட எந்த வாரிசின் உரிமையையும் பறிக்கலாகாது என்று அதிலுள்ள விதி, நாமே முந்திக்கொண்டு கடைப்பிடித்திருக்க வேண்டியதல்லவா?

ஹலரத் உமர் (ரலி) அவர்களைப் பாருங்கள். கைபரில் கிடைத்த நிலத்தை விற்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாதென வக்ஃபு செய்தார்கள். ஏழைகளோடு உறவினரையும் அதன் பயனில் சேர்த்தார்கள். தமக்குப் பின் அந்த வக்ஃபை நிர்வகிக்கும் பொறுப்பை யாரிடம் விட்டார்கள்? மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்! அந்த அன்னையார் ஷிஃபா (ரலி) அம்மையாரிடம் எழுதக் கற்றவர்கள். மகளுக்கு எழுத்தும் கிடைத்தது, பொறுப்பும் கிடைத்தது.

ஆகவே பெரியோர்களே! வக்ஃபு செய்ய விரும்பினால் எழுத்து மூலம் செய்யுங்கள். 2025 முதல் பத்திரமின்றிப் புதிய வக்ஃபு ஏற்படாது. ஓர் ஆலிமையும் ஒரு வக்கீலையும் கலந்துகொள்ளுங்கள். படிப்புச் செலவுக்கு ஒதுக்கும்போது மகளின் பெயரையும் மகனின் பெயரோடு எழுதுங்கள். எழுதிய பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவளைப் பள்ளிக்கும் அனுப்புங்கள்.

இரு அமானிதங்களையும் குறைவின்றி நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.