கடைமடை வரை

பிசானப் பருவ நடவு முடிந்த நாட்களில், விடிந்தும் விடியாத நேரத்தில், தாமிரபரணிப் பாசனத்து முக்கூடல் வயல்வெளிக்குப் போனால் நீர்ப்பாய்ச்சியைப் பார்க்கலாம். மண்வெட்டியால் மடைவாயில் ஒரு வெட்டு மண்ணை எடுப்பார். நீர் சலசலவென்று வயலுக்குள் புகும். நாற்றின் தூர் நனைந்ததும் அதே மண்ணை வைக்கோலோடு சேர்த்து அப்பி, குதிகாலால் மிதித்து இறுக்குவார். வாய்க்கால் நீர் அடுத்த வயலைப் பார்த்து நகரும். அறுவடையில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்று கேட்கிறோம். எத்தனை முறை மடை அடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம் உடலைப் படித்தவர்களும் வெகுகாலம் விளைச்சலைத்தான் கேட்டார்கள். மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் புரதம் செய்யும் குறிப்புள்ள பகுதி 2 விழுக்காடுகூட இல்லை. சுமார் 20,000 மரபணுக்கள், அவ்வளவுதான் வயல். மற்றதில் பெரும்பகுதியைக் குப்பை என்றே சொல்லிவந்தார்கள். அந்தப் பெயர் 1972இல் சுசுமு ஓனோ எழுதிய கட்டுரையால் பரவியது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே எழுத்துதான். பிறகு ஒன்று கண்ணாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்வியோடு மடைகளைத் தேடிக் கிளம்பியதுதான் 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘என்கோட்’ திட்டம். எந்த இடத்தில் மரபணு திறக்கிறது, எங்கிருந்து அதற்கு முடுக்கம் வருகிறது, எது அதை அடைக்கிறது என்று உயிரணு வகை வகையாகக் குறித்தார்கள். 2020இல் வெளியான பட்டியலில் மடையாக இருக்கலாம் என்று கணித்த இடங்கள் மட்டும் 9,26,535.

இடையில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. தொகுதியில் 80 விழுக்காட்டுக்கு வேலை உண்டு என்று 2012இல் அறிவித்தார்கள். மற்ற அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருந்தது. ஈரம் கசியும் இடமெல்லாம் மடையாகிவிடாது. அடைத்துப் பார்த்து, எந்த வயல் காய்கிறது என்று கண்டால்தான் அது மடை.

அப்படி ஒரு வயல் காய்ந்த கதை நமக்கு மிக அருகில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும், உடன் உழைத்த பலரும் 2009இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். இதயத் தசைக்கான ஒரு மரபணுவில், புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதியில், 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இந்த விடுபடல் உண்டு. வரப்பில் ஓரிடம் சரிந்தால் நீர் ஒரு வயலைத் தாண்டிப் பாய்வதுபோல, அடுத்து வரவேண்டிய புரதக் குறிப்பொன்று வாசிக்கப்படாமல் போகிறது. சுமப்பவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. ஆனாலும் இதயத் தசை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. குப்பை என்று தள்ளிய இடத்தில் 25 எழுத்து. அது இல்லாததன் வலி, வயதான காலத்தில் மூச்சு வாங்கும் ஒரு நெஞ்சுக்குத்தான் தெரியும்.

முக்கூடலுக்கு அருகே அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால்வாய் பிரிகிறது. தாமிரபரணியில் இப்படி எட்டு அணைக்கட்டுகள். ஆறு தருவது நீரை மட்டுமே. அதைச் சோறாக்கியது திறப்பும் அடைப்பும் அறிந்த கைகள். உடலும் அப்படித்தான். கருவில் வளர்ச்சியைத் தூண்டிய மரபணு, தன் வேலை முடிந்ததும் அடைபட வேண்டும். அடைபடாமல் போகும்போது அதே வளர்ச்சி புற்றாகலாம். உயிரைத் தருவதும் எடுப்பதும் அங்கே ஒரே நீர்தான்.

நமக்கு என்ன இருக்கிறது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். நிலம், படிப்பு, திறமை, சொல் எல்லாவற்றையும் அப்படித்தான் அளக்கிறோம். நம் ஒவ்வோர் உயிரணுவும் வேறொன்றைச் சொல்கிறது. கண்ணின் உயிரணுவிடமும் முழு நூலும் இருக்கிறது. தனக்குரிய பக்கங்களைத் திறந்து, மற்றவற்றை மூடி வைத்திருப்பதால்தான் அது பார்க்கிறது.

நீர்ப்பாய்ச்சி மண்ணை மிதித்து இறுக்கும்போது இந்த வயலுக்கு நீரை மறுக்கவில்லை. இதற்குப் போதுமானது கிடைத்துவிட்டது. அவர் மனம் கடைமடையில் இருக்கிறது. தலைமடை அடைபட்டால்தான் கடைமடை நனையும். வாழ்வு பெருக்கில் மட்டும் இல்லை, காலமறிந்து அடைப்பதிலும் இருக்கிறது.