பணம் திரும்பலாம், பொழுது திரும்புமா?

இங்கிலாந்தில் குடியிருக்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் வந்திருந்தார். இஷா தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தம் பதினைந்து வயது மகனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே இரவு வெகுநேரம் வரை செல்போனில் விளையாடுகிறானாம்; சுபுஹுக்கு எழுப்பினால் எழுவதில்லையாம். பையன் சற்றும் தயங்காமல் தன் செல்போனை என்னிடம் நீட்டினான்.

"வேணும்னா பாருங்க மாமா. இதுல ஒரு விளையாட்டுகூட இல்லை."

அவன் பொய் சொல்லவில்லை. இப்போது வந்துள்ள முறையில், விளையாட்டு செல்போனுக்குள் இருப்பதில்லை. எங்கோ தொலைவில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் அடுக்கி வைத்துள்ள பெரிய கம்ப்யூட்டர்களில்தான் அது ஓடுகிறது. அங்கே உருவாகும் காட்சி, விநாடிக்குப் பற்பல படங்களாக, இணையத்தின் வழியாகச் செல்போன் திரைக்கு வந்துகொண்டே இருக்கிறது. இங்கே விரல் அழுத்துவது செய்தியாக அங்கே போகிறது. அதற்கேற்ப அங்குள்ள உருவம் ஓடுகிறது, தாவுகிறது, அடிக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடுவதால், எல்லாம் நம் கையிலேயே நிகழ்வதாகத் தோன்றுகிறது. திரையை மூடிவிட்டால் செல்போனில் விளையாட்டு மிஞ்சுவதில்லை.

"இடத்தைப் பிடிக்கிறதில்லை, காசும் அதிகமில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. இதுல என்ன தப்பு?" என்று கேட்டான் பையன். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியன்று இது. கையில் எதையும் விட்டுச் செல்லாத ஒரு செயலுக்கு விலை உண்டா, இல்லையா?

விளையாட்டே கூடாது என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தாமாகப் போதும் என்னும் வரை பார்க்கும்படி நம் பெருமானார் (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள். அன்னையாரோடு ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். ஆகவே உள்ளத்தின் இளைப்பாறலை மார்க்கம் பகைக்கவில்லை. சூதும் ஆபாசமும் கலந்த விளையாட்டுகளைப் பற்றிய சட்டம் தெளிவானது. அதை உலமாப் பெருமக்கள் விளக்குவார்கள். நம் கேள்வி அவை கலவாத விளையாட்டைப் பற்றியது.

பையனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "நேற்று ராத்திரி பாதியில் நிறுத்தினாயே, நாளைக்கு எங்கிருந்து தொடங்குவாய்?"

"விட்ட இடத்திலிருந்துதான்" என்றான்.

"உன் செல்போனில்தான் ஒன்றுமில்லையே?"

"அங்கே பதிவாகி இருக்கும் மாமா" என்று சொன்னவன், சொன்னதும் மௌனமாகிவிட்டான்.

ஆம். கையில் இல்லை என்பதால் கணக்கில் இல்லை என்றாகிவிடாது. மனிதன் அமைத்த கம்ப்யூட்டரே கடல் கடந்திருந்து ஒருவனின் விரலசைவைக் குறித்து வைக்குமானால், நம் வலமும் இடமும் அமர்ந்து எழுதும் கண்ணியமிக்க வானவர்களின் ஏட்டை நாம் எப்படி மறந்தோம்?

இனி விலைக்கு வருவோம். கூகிள் நிறுவனம் 2019 நவம்பரில் 'ஸ்டேடியா' என்ற பெயரில் இத்தகைய விளையாட்டுச் சேவை ஒன்றைப் 14 நாடுகளில் தொடங்கியது. மக்கள் பணம் கொடுத்து விளையாட்டுகளை வாங்கினார்கள். எதிர்பார்த்த அளவு ஆள் சேரவில்லை. 2022 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2023 ஜனவரி 18 அன்று மூடியேவிட்டார்கள். தங்கள் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய பணத்தை, மாதச் சந்தா நீங்கலாக, வாங்கியவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வணிக நேர்மை என்ற வகையில் பாராட்ட வேண்டிய செயல்தான்.

ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். மூன்றாண்டுக்கு மேலாக அதில் செலவழிந்த இரவுகளை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? வாங்கியவன் கொடுத்தவை இரண்டு: பணமும் பொழுதும். பணத்துக்குக் கணக்கு இருந்தது, அது திரும்பிற்று. பொழுதுக்கு ரசீது போடும் கடை துன்யாவில் இல்லை.

உடல் நலம், ஓய்வு நேரம் என்னும் இரு அருட்கொடைகளில் மக்களில் பலர் நட்டமடைகிறார்கள் என்பது நபிமொழியின் கருத்து. அங்கே ஆளப்பட்டுள்ள அரபுச் சொல், வணிகத்தில் ஏமாந்துபோனவனைக் குறிப்பது. நல்ல சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, இலாபம் என்று எண்ணி வீடு திரும்புகிறவன் அவன். "காசு அதிகமில்லை" என்று பையன் சொன்னபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

முன்பு விளையாட்டுக் கருவி வேண்டுமானால் பெருந்தொகை தேவை. அதைக் கூடத்துத் தொலைக்காட்சியில் பொருத்த வேண்டும். வீட்டார் அனைவரும் பார்ப்பார்கள். உம்மா ஒரு குரல் கொடுப்பார்கள். அவையெல்லாம் வெளியிலிருந்து விழுந்த தடைகள். இன்று அவை நீங்கிவிட்டன. போர்வைக்குள்ளேயே விளையாட்டு வந்துவிட்டது. வெளித்தடை நீங்கிய இடத்தில் உள்தடை ஒன்று வேண்டும். அதையே நம் பெரியோர்கள் முஹாஸபா என்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில் தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் வைக்காத வரம்பை அந்த நிறுவனங்களே வைக்கின்றன. என்விடியா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 'ஜீஃபோர்ஸ் நவ்' சேவையில், கட்டணமின்றிச் சேர்ந்தவர் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம்தான் ஆடலாம். கட்டணம் செலுத்துவோருக்கும் மாதத்துக்கு 100 மணி நேரம் என 2025-ல் வரம்பு கொண்டுவந்தார்கள். மேலும் வேண்டுமாயின் தனியே பணம் கட்ட வேண்டும். தம் கம்ப்யூட்டரின் ஒரு மணி நேரத்தை அவர்கள் அவ்வளவு அருமையாக மதிக்கிறார்கள்! நம் ஆயுளின் ஒரு மணி நேரத்தை நாம் என்ன விலைக்கு மதிக்கிறோம்? வேளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், ஐவேளைத் தொழுகைக்கு மாதத்துக்கு 25 மணி நேரம்தான் ஆகிறது. அதற்கு நேரமில்லை என்கிறவரும் நம்மிடையே உண்டு.

பையன் தன் சங்கடம் ஒன்றையும் சொன்னான். பலர் அணி சேர்ந்து ஆடும்போது, தொழுகை நேரம் வந்ததென்று நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்றுப்போவார்களாம். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? நியாயமான கேள்விதான். ஆயினும் பிழை, நடுவில் எழுவதில் இல்லை. வக்து நெருங்கிய பிறகு ஆட்டத்தைத் தொடங்கியதில் இருக்கிறது. நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதும் வாக்கைக் காப்பதில் சேர்ந்ததே. "பாங்குக்கு முன் முடியாத ஆட்டத்தைத் தொடங்காதே, இஷாவுக்குப் பின் நேரம் வைத்துக்கொண்டு படு" என்றேன். தலையசைத்தான்.

அத்தோடு முடியவில்லை. அவன் தன் வாப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் அவர் எத்தனை தடவை செல்போனை எடுத்துப் பார்த்தார் என்பது எனக்கும் தெரியும். நானும் இரண்டு தடவை பார்த்திருந்தேன். பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டிக்கும் நாம், செய்தி என்றும் அரட்டை என்றும் கழிக்கும் இரவுகளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவே வேறுபாடு. சுபுஹுக்கு மகனை எழுப்புகிற வாப்பா, இரவில் தம் செல்போனையும் அவனுடையதையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டட்டும். அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்.

மறுமையில் அடியான் கேட்கப்படும் கேள்விகளில், ஆயுளை எதில் கழித்தாய் என்பதும் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்று "என் செல்போனில் ஒன்றுமில்லை" என்று நீட்டிக் காட்ட முடியாது. வல்ல அல்லாஹ் நம் பொழுதுகளில் பரக்கத் செய்து, அவற்றின் கணக்கை நமக்கு இலேசாக்கி வைப்பானாக! ஆமீன்.